தேதி எழுதாத சட்டை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் கண்ணைத் தவிர எல்லாம் நலம். நீ நலமாய் இருப்பதைப் போட்டோவில் உன் கன்னமே சொல்கிறது, தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

நீ சேர்த்துவிட்ட இங்கிலீஷ் வகுப்புக்கு, மருந்துக்கடை மாடிக்கு, மூச்சு வாங்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நீ டிக்கெட் அனுப்பும்போது விமான நிலையத்தில் அம்மா திருதிருவென்று முழிக்கக் கூடாதாம், என்ன அக்கறை! மீசை சரியாக முளைக்காத வாத்தியார் போர்டில் நாலு கட்டம் போட்டு, இனிமேல் நடக்கப்போவதைச் சொல்ல இங்கிலீஷில் பல வழி என்றார். அந்த நிமிஷம் தோன்றியதற்கு ஒன்று, முன்பே முடிவு செய்ததற்கு ஒன்று, டிக்கெட் போட்டாகிவிட்டால் ஒன்று, ரயில் நேரத்துக்கு இன்னொன்று. இத்தனை வழி இருந்தும் ஒருத்தரும் வந்து சேர்கிற வழியைக் காணோம். நான் எழுந்து, அஞ்சு வருஷமா அடுத்த லீவுக்கு வரேன்னு சொல்றவனை எந்தக் கட்டத்துல போடுறது சார்னு கேட்டேன். தலையைச் சொறிந்து, அது சிலபஸில் இல்லை என்றார். அவர் படிப்பு அவ்வளவுதான். முப்பது வருஷமாய்த் தையல் மெஷின் மிதிக்கிறேன், கொடுக்கும் தேதியைச் சீட்டில் எழுதிக் குத்தாமல் யார் துணியையும் வாங்கியதில்லை.

அப்பாவும் உனக்குச் சளைத்தவர் இல்லை. கண் டாக்டர் இரண்டு தரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தும், கட்டு அவுத்ததும் புள்ள மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும்னு தள்ளிப் போட்டுவிட்டார். போன வாரம் நம் தையல் கடையில் யாரோ ஒருத்தருடைய சட்டைக்கு அப்பா பட்டனை முதுகுப் பக்கம் தைத்து வைத்திருந்தார். இன்னொரு தரம் தள்ளினால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

ஆபரேஷனுக்குத் தலைவழி மாட்டுகிற துணி கூடாதாம், முன்னால் பட்டன் வைத்த சட்டைதான் வேண்டுமாம். நீ வரும் அன்று போட்டுக்கொள்ள உனக்கென்று அப்பா தைக்கச் சொன்ன நீலச் சட்டை, கடையில் தேதி எழுதாத வெறும் சீட்டோடு அஞ்சு வருஷமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று அதை இறக்கி, தோளைப் பிரித்து, கையைக் குறைத்து, அவர் அளவுக்குப் பிடித்துவிட்டேன். சீட்டில் பதினாலு என்று எழுதிக் குத்தியாயிற்று. துணியைத் தடவிப் பார்த்து, இது அவனோடதாச்சேன்னார். நான் சட்டையை வாங்கி மடித்து ஆஸ்பத்திரிப் பையில் வைத்தேன்.

குளிரில் காதை மூடிக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு வஞ்சனை இல்லை. பதினாலாம் தேதி காலை எட்டு மணி, கண் ஆஸ்பத்திரி. முடிந்தால் வந்து நில். வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே, அப்பா மறுபடியும் தள்ளிப் போட்டுவிடுவார்.

கோபம் தீராத,
உன் அம்மா