நான்கு விரல் உயரம்

ஜனவரி 12

மெக்கானிக் ஐயா அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் உங்கள் தொண்டைக்கு நல்ல ஓய்வு கிடைத்திருக்கும்.

இங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. பால் வேன்தான் தபாலையும் கொண்டுவருகிறது, அதனால் கடிதம். சுகாதார நிலையம் என்பது இரண்டு அறை. ஒன்றில் நானும் ஊசி மருந்துப் பெட்டியும், இன்னொன்றில் கட்டிலும் அடுப்பும். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மேலே மூன்று குடியிருப்புகள் இருக்கின்றன. பாதி தூரம் தார் ரோடு, மீதி கல்லும் சேறும், நடுவில் ஒரு ஓடை. வாரம் தவறாமல் மேலே போய்க் குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டும். இதுவரை ஒரு வாடகை ஜீப் வந்தது, இனி வராதாம். "மே மாசம் முடியறதுக்குள்ள நீங்களா மேல போய்வர ஆரம்பிச்சா வேலை நிரந்தரம், இல்லன்னா வேற ஆளைப் பார்ப்போம்மா" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி வாங்கிக்கொள்ள நிலையமே பணம் தரும்.

தார் ரோட்டுக்கும் காட்டுக்கும் ஒத்துவருகிற வண்டி எது? நீங்களே கட்டிய அந்தச் சிவப்பு வண்டி மாதிரி ஒன்று கிடைத்தால் நல்லது. அதில்தான் எனக்குக் கால் எட்டும். சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் எந்த முகத்தோடு கேட்கிறாள் என்று நினைப்பீர்கள். வண்டி விஷயத்தில் உங்களைத் தவிர வேறு யாரையும் நான் நம்பியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் அரைப்படி


ஜனவரி 20

அன்புள்ள அரைப்படிக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் உரக்கப் படித்தேன், பஞ்சர் ஒட்டுகிறவன் வரைக்கும் சிரித்தான். ஸ்கூட்டரையே இரண்டு காலாலும் தள்ளிக்கொண்டு போனவள் மலையேறப் போகிறாளாம். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். கோபித்துக்கொள்ளாதே, கட்டியவன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்?

சரி, கேள். தார் ரோட்டுக்கும் காட்டுக்கும் ஒரே வண்டி என்பது மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற மகன் மாதிரி, இரண்டு பக்கமும் திட்டு வாங்கும். பெரிய எஞ்சின் வண்டி ரோட்டில் சொகுசு, சேற்றில் விழுந்தால் தூக்க நாலு பேர் வேண்டும். இருக்கை தாழ்ந்த சின்ன வண்டியில் உனக்குக் கால் எட்டும், ஆனால் கல்லில் அடிவயிறு தட்டும். உனக்குச் சரியானது மூன்றாவது ரகம். எடை குறைவு, மொட்டுப் பதித்த டயர், நீளமான ஷாக் அப்சார்பர், உயரமான இருக்கை. உயரத்தை நினைத்துப் பயப்படாதே, ஓடுகிற வண்டிக்குக் கால் எதற்கு?

அப்படி ஒன்று நல்ல நிலையில் என் கைக்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். என் கையாலேயே பிரித்துப் பூட்டி, லாரியில் ஏற்றிவிடுகிறேன். சிவப்பு வண்டியை மட்டும் கேட்காதே. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் எனக்குப் பிள்ளை.

உன் கடைக்காரன்


மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. பார்க்க அழகாக இருக்கிறது. பளபளவென்று துடைத்து அனுப்பியிருக்கிறீர்கள், கைப்பிடியில் என் அளவுக்குப் புது உறைகூடப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

ஆனால் கால் எட்டவே இல்லை. நுனி விரல்கூடத் தரையைத் தொடவில்லை. திண்டின்மேல் ஏறி நின்றுதான் உட்கார்கிறேன். ஓடும்போது ஒன்றுமில்லை, நின்றால் விழுகிறேன். பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் விழுந்தேன். நான் ஒரு பக்கம், வண்டி என் மேல், அதன்மேல் ஊசிப் பெட்டி. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். "பழகிடும் சார்" என்றேன். அவர் ஊசிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இருக்கையின் நுரையை வெட்டிக் கொஞ்சம் தாழ்த்தலாமா? ஷாக்கில் ஏதாவது திருப்பினால் இறங்குமா? சொன்னால் நானே செய்துகொள்வேன், இங்கே ஸ்பானர் இருக்கிறது.

உங்கள் அரைப்படி


மார்ச் 11

அன்புள்ள அரைப்படிக்கு,

நுரையில் கை வைக்காதே, முதுகெலும்பு போய்விடும். ஷாக் பக்கம் தலையே வைக்காதே. அது நான் பார்த்துப் பார்த்துப் பூட்டியது. தெரியாத கை பட்டால் ஓடையில் பாதியில் கழன்றுவிடும். குறை வண்டியில் இல்லை. ஆண்டவன் உன்னைப் படைக்கும்போது மண் பற்றவில்லை, அதற்கு ஷாக் என்ன செய்யும்?

தினமும் பழகு. பழக்கம் வரவில்லை என்றால் வெட்கப்படாதே. இங்கே கதவு திறந்துதான் இருக்கிறது. நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று நான் சொன்னதை நினைத்துப்பார். "மே மாசம் அழுதுகிட்டு வருவ, அன்னிக்கும் நான்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வரணும்" என்று சொன்னேன் அல்லவா? கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன்னை எனக்குத் தெரியும், அவ்வளவுதான். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கும் நாக்கு செத்துவிட்டது.

உன் கடைக்காரன்


ஏப்ரல் 22

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். இந்த மாதத் தொடக்கத்தில் ஓடையைக் கடக்கும்போது நடுவில் வண்டி நின்றுவிட்டது. கால் ஊன்றப் பார்த்தேன், ஊன்றத் தரை இல்லை. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மருந்துப் பெட்டி தண்ணீரோடு போய்விட்டது. மேலே குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் மாலை வரை காத்திருந்தார்களாம்.

நீங்கள் சொன்னதுதான் சரி. வந்துவிடுகிறேன்.

சில ஆசைகள், செய்வீர்களா? பின்னறைக்கு வெள்ளையடியுங்கள். நான் வருவதைத் தெருவில் எல்லோரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று, கேட்கவே தயக்கமாக இருக்கிறது. வண்டி என்று ஒன்றைப் பார்த்தாலே கை வலிக்கிறது. அந்தச் சிவப்பு வண்டி வீட்டில் நிற்க வேண்டாம், விற்றுவிடுங்கள். என்னைவிட அது பெரிதில்லை என்று ஒரே ஒரு தடவை காட்டுங்கள்.

மே 18, ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால பஸ்.

அரைப்படி


மே 6

என் அரைப்படிக் கண்ணுக்கு,

கை எப்படி இருக்கிறது? தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன், கேட்டாயா? போகட்டும். பட்டால்தான் சிலருக்குப் புத்தி வரும்.

பின்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று. தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. "சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டீங்களேண்ணே" என்று தையல்கடைக்காரன் கையைக் குலுக்கினான். ஞாயிற்றுக்கிழமை அவனும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறானாம், நாலைந்து பேராக வருவோம்.

சிவப்பையும் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. நெட்டையான ஒரு பெண் வந்து வாங்கினாள். இருக்கையின் உயரத்தைச் சாண் வைத்து அளந்தாள். "உங்க உயரத்துக்கு இது எதுக்கும்மா?" என்றேன். குள்ளமான தோழி ஒருத்திக்காம். "எங்க வீட்டுலயும் ஒரு அரைப்படி இருக்கு, ஞாயித்துக்கிழம வருது" என்றேன். அவளும் நன்றாகச் சிரித்தாள்.

ஒரு விஷயம். நான் அனுப்பிய வண்டியை அங்கேயே பழைய இரும்புக்குப் போட்டுவிடு. யாரிடமும் பிரித்துப் பார்க்கக் கொடுக்காதே, திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

காத்திருக்கும் உன் கடைக்காரன்


மே 21

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் போகும் வரைக்கும் நின்றிருப்பீர்கள். தையல்கடைக்காரர் முதலில் கிளம்பியிருப்பார். "அடுத்த பஸ்ல வருவாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த நேரத்தில் நான் மேல் குடியிருப்பில் இருந்தேன். உங்களை நினைத்தேன், பரிதாபம் வரவில்லை. வருமா என்று காத்துக்கூடப் பார்த்தேன்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக ஒரு வனக்காவலர் மாற்றலாகி வந்தார். பெண், நல்ல நெட்டை. அவருடைய வண்டியும் உங்கள் வண்டியும் ஒரே ரகம். அவர் தன் வண்டியை என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "ஏங்க, உங்க வண்டி மட்டும் ஏன் இப்படி எக்கிக்கிட்டு நிக்குது?" என்றார். இரண்டு இருக்கைக்கும் நான்கு விரல் வித்தியாசம்.

குனிந்து பார்த்தேன். பின் ஷாக் பூட்டுகிற இடத்தில், அவர் வண்டியில் இல்லாத இரண்டு இரும்புத் துண்டுகள், இருக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஓரம் கையைக் கிழிக்காதபடி அரம் போட்டு உருட்டி, நம் வீட்டுக் கேட்டுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்டை அடித்திருந்தது. யார் வேலை என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தவளே நான்தான்.

என்னை விழவைக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, அளந்து, வெட்டி, அரம் போட்டிருக்கிறீர்கள். விழும்போது கை வலிக்கக்கூடாது என்று கைப்பிடிக்கு உறையும் போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்த உறையை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். குதிரைமேல் பழி போட்டேன். குழி பறித்தது குதிரை இல்லை.

அதற்குப் பிறகுதான் ஏப்ரல் கடிதம் எழுதினேன். அதில் கையும் ஓடையும் காத்திருந்த தாய்மார்களும் உண்மை. மீதியை உங்களிடமிருந்து கற்றுக்கொண்டு எழுதினேன்.

துண்டுகளைக் காவலர் கழற்றிக் கொடுத்தார். கட்டு அவிழும் வரை அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து மேலே போய்வந்தேன். தவறிய ஊசிகளையும் போட்டு முடித்தாயிற்று. போன வாரம் முதல் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். பெரிய டாக்டர் நேற்று நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார்.

நீங்கள் இரும்புக்குப் போடச் சொன்ன வண்டியைப் போடவில்லை. லாரியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வாடகையும் கொடுத்தாயிற்று. பச்சைத் துண்டுகளை மறுபடியும் இருந்த இடத்திலேயே பூட்டச் சொன்னேன். கடை வாசலில் நிறுத்துங்கள். உங்கள் பஞ்சர் ஒட்டுகிறவர் குனிந்து பார்த்துக் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

உங்களிடம் சிவப்பு வண்டி வாங்கிய நெட்டைப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன அரைப்படி ஜோக் மிகவும் பிடித்திருந்ததாம், வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உங்கள் சிவப்பு இங்கே மலையில் நன்றாக ஓடுகிறது. ஓடை நடுவில் வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு காலும் தரையில் பட்டது.

பின்னறைக்கு அடித்த வெள்ளை வீணாக வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். பால் வேன்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்து இருந்தால் கீழேயே திருப்பிவிடுவார்.

இப்படிக்கு,
செவிலியர்,
மேல்மலைச் சுகாதார நிலையம்