அக்காவின் காருக்குப் பின்னால்

நவம்பர் 3

இன்றும் என் காரை இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்தினேன். மின்சாரக் கார் ஷோரூம் வாசலில் விற்பனையாளனின் பெட்ரோல் கார் நிற்கக் கூடாதாம். மேனேஜர் உத்தரவு. எனக்கும் அதுதான் வசதி.

காலையில் ஒரு வாத்தியார் வந்தார். "நடுரோட்டுல சார்ஜ் தீந்துபோச்சுன்னா யாரு வந்து தள்ளுவா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். நானும் தினமும் எனக்குள் கேட்கிற கேள்விதான். "அதெல்லாம் பழைய கதை சார்" என்று வாய் கூசாமல் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்.

நவம்பர் 5

அக்கா வந்தாள். கார் வாங்கத்தான்!

அத்தானுக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து மாதா மாதம் மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். அவளேதான் ஓட்டுவாள். பழைய டீசல் வண்டியின் சத்தமும் புகையும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அத்தானால் பத்தடி ஏற்றம் நடக்க முடியாது.

"மலை ஏறுமாடா?"

"தாராளமா ஏறும்க்கா. போயிட்டு வந்தப்புறமும் மிச்சமிருக்கும்."

விளம்பரத் தாளை நீட்டினேன். "நீ சொன்னா போதும், இதெல்லாம் எனக்கெதுக்கு?" என்று தள்ளிவிட்டாள். ஹைப்ரிட்டையாவது காட்டியிருக்கலாமே? சார்ஜ் தீர்ந்தாலும் பெட்ரோலில் ஓடியிருக்கும். மேனேஜர் பக்கத்தில் நின்றார் — அதுவும் சாக்குதான்.

நவம்பர் 14

வண்டியைக் கொடுத்தோம். சாவியோடு போட்டோ. அக்கா சிரிக்கிறாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நவம்பர் 17

போன வருஷம் எங்களிடம் வாங்கிய ஒருவர் வந்து கத்தினார். மலை ஏறினால் சார்ஜ் தண்ணியாய்ப் போகிறதாம், குளிருக்கு ஹீட்டர் போட்டால் கேட்கவே வேண்டாமாம். வழியில் எங்கேயும் சார்ஜரும் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"போறப்ப ஹீட்டர் போடாதக்கா."

"ஏன்டா, அத்தான நடுங்கவிடச் சொல்றியா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 20

நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சோறு இறங்கவில்லை.

நவம்பர் 21

ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பின்னாலேயே போவதுதான் வழி. காரில் கயிறு எடுத்துவைத்தேன். மின்சாரக் காரைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது என்று வாங்குகிறவர்களிடம் சொல்வதே நான்தான். இருந்தாலும் கயிறு இருக்கட்டும்.

நவம்பர் 22

எப்படி எழுதுவேன்?

அக்காவுக்குப் பின்னால் நாலைந்து வண்டி இடம் விட்டுப் போனேன். அவள் பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அத்தானுக்கு மருந்து கொடுக்க ஓரங்கட்டினாள். லாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். கண் முழுக்க அவள் கார் மேல்தான். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நடுவழியில் நின்றுபோனது — என் கார். பெட்ரோல் இல்லை! எச்சரிக்கை விளக்கு எப்போதிலிருந்து எரிகிறதோ, நான் எங்கே பார்த்தேன்?

அக்காவின் கார் சத்தமே இல்லாமல் பின்னோக்கி வந்து பக்கத்தில் நின்றது.

"அடிவாரத்துலேர்ந்தே கண்ணாடியில பாத்துட்டுதான் வர்றேன். உனக்கு என்னடா ஆச்சு?"

அத்தான் என் காருக்குள் கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டார். "என்ன மச்சான், எங்கள இழுக்க வந்தியா, இல்ல நாங்க உன்ன இழுக்கணுமா?" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அப்போ உனக்கே இதுல நம்பிக்கை இல்ல."

"அக்கா, வேலைன்னு வந்துட்டா…"

"நீ வேலைக்காக வித்த. நான் உன்ன நம்பித்தானே வாங்கினேன்?"

என் காரை ஓரமாக விட்டுவிட்டு அக்கா காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது சார்ஜ் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. திரும்பும்போது பெரும்பாலும் இறக்கம் என்பதால் வந்துவிட்டோம், ஆனால் தாராளமாக இல்லை. வழி முழுக்க அவள் ஹீட்டரைப் போடவில்லை. அத்தான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 26

அக்கா போனை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

டிசம்பர் 2

ஒரு அம்மா மலைப்பாதை பற்றிக் கேட்டார். "விளம்பரத்துல போட்டிருக்கிற தூரத்துல பாதின்னு வச்சுக்கோங்கம்மா. ஊருக்குள்ள ஓட்ட நல்ல வண்டி" என்றேன். "நீங்க என்ன கார் வச்சிருக்கீங்க?" "பெட்ரோல்." வாங்காமல் போனார். மேனேஜர் என்னை முறைத்தார். வேலை போய்விடுமோ என்று நாள் முழுக்க அவர் அறைப் பக்கமே போகவில்லை.

டிசம்பர் 19

வேலை இன்னும் இருக்கிறது. மதியம் போன் அடித்தது. அக்கா!

"சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம். இந்தத் தடவ பின்னால வராத. முன் சீட்டுல வந்து உக்காரு. சார்ஜ் எவ்வளவு இருக்கு, எவ்வளவு தூரம் தாங்கும்னு நீதான் பாத்துச் சொல்லணும். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு."

"எனக்கு இப்பவே பயமா இருக்குக்கா."

"எனக்குந்தான்டா" என்றாள்.