ஆறடித் தொட்டியில் நாலு டாங்குகள்

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் இன்று கைபேசியில் ஒரு படம் காட்டினார். எவனோ ஒரு பணக்காரன் வீட்டில் சுவர் முழுக்கக் கடல்நீர்த் தொட்டி. அதில் பதினைந்து டாங் மீன்கள், மஞ்சள், நீலம், ஊதா, வரிபோட்டது எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன.

"நம்ம வெயிட்டிங் ரூம்லயும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்?"

நன்றாக இருக்கும். நோயாளிகளை வெளியே அனுப்பிவிட்டு அறை முழுக்கத் தண்ணீர் நிரப்பினால். இவருடையது ஆறடித் தொட்டி. மஞ்சள் டாங் ஒன்று மூன்று வருடமாக அதைத் தன் பாட்டன் சொத்தாக நினைத்துக்கொண்டிருக்கிறது. நீலம் ஒன்று ஒதுங்கிப் பிழைக்கிறது. டாங் பார்க்கத்தான் தட்டு மாதிரி அழகு. வாலடியில் இரண்டு பக்கமும் மடக்குக் கத்தி. தன் சாடையில் இன்னொன்று வந்தால் கத்தியை விரித்துக்கொண்டு போகும். இதை விளக்கினேன். "அட, அதுவும் சர்ஜன்தானா" என்று சிரித்தார். இத்தனை வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததில் இவர் கற்றது அவ்வளவுதான்.

மூன்று டாங் வைக்கலாம், நான் தேர்ந்தெடுத்தால், என்றேன். சரி என்றார். சரி என்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

டோக்கன் அம்மா இன்று மூன்று தடவை போன். நோயாளிகளை நம்பர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவள் வேலை. மீன்களுக்குத் தீனி போடுவது டாக்டர் கொடுத்த கூடுதல் பதவி. நீலம் பாறை இடுக்கில் சாய்ந்து கிடக்கிறதாம், செத்துவிட்டதாம். அது அப்படித்தான் படுக்கும் என்று போன மாதமே சொன்னேன். செவிடன் காதில் சங்கு.

"எல்லாத்துக்கும் போன் பண்ணாதீங்கம்மா. ஒரு நோட்டு போட்டு எழுதி வைங்க. வரும்போது பாக்கறேன்."

"சரி தம்பி."

எனக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் பாதிப் பெரிய மீன்தொட்டிகள் என் பராமரிப்பில். இவளுக்கு நான் தம்பி.

மார்ச் 9, திங்கள்

ஊதா வந்துவிட்டது. மொத்தக் கடையில் நாற்பது பைகளைப் புரட்டிப் பார்த்து எடுத்தேன். வாலும் துடுப்பின் நுனியும் மஞ்சள், மற்றதெல்லாம் கரு ஊதா.

புது மீனை ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். கண் தெரியாதவர்களுக்கு அந்த விதி. இருபது வருடம் மீன் பார்த்தவனுக்கு ஒரு நிமிடம் போதும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாறைகளை இடம் மாற்றி அடுக்கினேன், பழைய மஞ்சளுக்குத் தன் பேட்டை எது என்றே தெரியக்கூடாது. வெளிப்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினேன், அது தன் நிழலோடு சண்டை போடட்டும். ஊதாவை ஓட்டை போட்ட பெட்டியில் வைத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். இரண்டு நாள் ஒன்றையொன்று பார்த்துப் பழகும்.

டாக்டர் வாய் பிளந்து பார்த்தார். அவர் தொழிலில் அதை மற்றவர்கள்தான் செய்வார்கள்.

மார்ச் 11, புதன்

ஊதாவைத் திறந்துவிட்டேன். மஞ்சள் இரண்டு முறை விரட்டியது, சலித்துப்போய் விட்டுவிட்டது. இதற்குப் பெயர்தான் வேலை. இதை எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"மீனப் பத்தி எழுதுறதவிட மனுஷங்களத் திட்டி எழுதுறதுதான் ஜாஸ்தியா இருக்கு."

படிக்காதே என்றேன்.

மார்ச் 16, திங்கள்

முட்டாள். முட்டாள்.

நேற்று ஞாயிறு, ஆஸ்பத்திரி விடுமுறை. டாக்டர் தனியாக வந்து ஒரு வெளிர்நீல டாங்கைத் தொட்டியில் கவிழ்த்திருக்கிறார். டாங்குகளிலேயே சண்டைக்காரன் அது, நோயாளியும் அது. பையோடு, கடைத் தண்ணீரோடு, அப்படியே. நான் போனபோது குழாய் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது, வால் கிழிந்து. மஞ்சளும் ஊதாவும் மாறி மாறி வெட்டுகின்றன.

"உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு…"

"சார், நான் வந்து உங்க பேஷன்ட்டுக்குப் பல்லு புடுங்கினா உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்குமா?"

பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பரவாயில்லை, கேட்கட்டும். அவர் காது வரைக்கும் சிவந்துபோனார். டோக்கன் அம்மா எதையோ தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். அப்புறம் பார்க்கலாம் என்று கையைக் காட்டினேன்.

மார்ச் 18, புதன்

நான்கிலும் வெள்ளைப் புள்ளி. உப்பைத் தூவியதுபோல. கடைச்சரக்கோடு வந்த நோய். மருந்து செம்புக் கரைசல். பவளங்கள் இருக்கும் தொட்டியில் செம்பு ஊற்றினால் பவளம் சாகும். அதனால் பாறை அத்தனையையும் வெளியே எடுத்து, மீன்களைப் பிடித்துப் பின்னறையில் வேறு தொட்டிக்கு மாற்றினேன். பெரிய தொட்டியில் பதினோரு வாரம் மீனே இருக்கக்கூடாது, அப்போதுதான் கிருமி பட்டினி கிடந்து சாகும். தோள்பட்டை கழன்றுவிட்டது. ஒருவர் ஆசைக்கு எல்லோருக்கும் தண்டனை.

சாயங்காலம் வெளிர்நீலம் செத்தது.

மார்ச் 21, சனி

மஞ்சளும் போய்விட்டது. மூன்று வருட மீன்.

டாக்டர் பின்னறைக்கு வந்தார். "என்னாலதான். மன்னிச்சிடுங்க" என்றார். என்னைவிடப் பெரியவர். கையைக்கூட எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

"தெரிஞ்சவங்க சொன்னாக் கேக்கணும் சார்" என்றேன். தலையாட்டினார். சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பல்லுக்குப் பஞ்சு வைக்கும் இடுக்கியால் கடற்பாசித் துண்டைப் பிடித்து நீலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறார். கெடுத்த பிறகு கொஞ்சல்.

மார்ச் 24, செவ்வாய்

டோக்கன் அம்மா நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்கதான எழுதச் சொன்னீங்க தம்பி. ஒரு நாளும் பாக்கல."

சின்னச் சின்ன எழுத்து. தினமும். என்ன தின்றது, எங்கே ஒதுங்கியது, எது எதை விரட்டியது.

'13 வெள்ளி. ஊதா இடது துடுப்பில் உப்புக்கல் போல் இரண்டு. பாறையில் உரசுகிறது.'

'14 சனி. ஊதாவுக்கு ஏழு. மஞ்சளுக்கும் ஒன்று.'

டாக்டரின் மீன் வந்தது பதினைந்தாம் தேதி.

இரண்டு முறை படித்தேன். தேதியை அவள் தப்பாகப் போட்டிருப்பாள் என்று முன்பின் பக்கங்களைப் புரட்டினேன். தப்பில்லை.

"டாக்டர் ஒழுங்கா சாப்பிடறதில்ல. தான் கொன்னுட்டோம்னு உக்காந்திருக்காரு. நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

வேற ஏதாவது காரணம் இருக்கலாம்ல? இருக்கலாம். இல்ல. ஊதாவ நான்தான் கொண்டாந்தேன். ஒரு நிமிஷம் பாத்தேன், போதும்னேன். அந்த ஆளு வந்து மன்னிப்புக் கேட்டாரு, அதையும் வாங்கிக்கிட்டேனே. பத்துப் பேர் முன்னாடி — சீ.

மார்ச் 25, புதன்

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இல்லை.

மார்ச் 27, வெள்ளி

சொன்னேன். நோயாளிகள் இருக்கும்போதே போய்ச் சொன்னேன். திட்டியது அவர்கள் முன்னால்தானே. குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கையுறையைக் கழற்றினார். கோபப்படுவார் என்று நின்றேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த வெளிர்நீலம்?"

"அது வர்றதுக்கு முன்னாடியே தொட்டியில நோய் இருந்துச்சு சார்."

கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு, "இனிமே அவங்களே பாத்துக்கட்டும்" என்று டோக்கன் அம்மாவைக் காட்டினார். "தெனமும் பாக்கறாங்க."

வலையையும் உப்பளக்கும் கருவியையும் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

மூன்று நாளாகக் கடைவாய் வலி. வேறு டாக்டரிடம் போகலாம் என்றால் வீட்டுக்காரி கேட்கவில்லை, அவளே போன் செய்து நம்பர் வாங்கிவிட்டாள்.

தொட்டிக்கு எதிரே உட்கார வேண்டியதாயிற்று. டாங் நான்கு. பழைய நீலம், ஊதா. புதிதாக ஒரு மஞ்சள், கறுப்பு வரிபோட்ட ஒன்று. குறை தேடினேன். துடுப்புகளைப் பார்த்தேன், தொட்டியின் மூலைகளைப் பார்த்தேன், யார் யாரை விரட்டுகிறார்கள் என்று பார்த்தேன். அரை மணி நேரம். ஊதா ஒரு தடவை வாலை ஆட்டியது. அவ்வளவுதான்.

பக்கத்திலிருந்தவர், இதெல்லாம் ஒன்றாக இருந்தால் அடித்துக்கொள்ளாதா என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் டோக்கன் மேஜையிலிருந்து பதில் வந்தது.

"புதுசு ரெண்டையும் பின்னாடி ரூம்ல ஆறு வாரம் தனியா வெச்சிருந்தேங்க. அப்புறம் நாலையும் ஒரே நாள்ல விட்டேன். ஊதா கொஞ்சம் முரடு, அதை மட்டும் கடைசியா."

சரியான வரிசை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று எழுத வந்தேன். செய்யவில்லையே.

உள்ளே டாக்டர் குனிந்து, பல்லைத் தட்டிப் பார்த்து, ஊசி போட்டு, இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து அடைத்தார். "வெளில பாத்தீங்களா? நல்லா வெச்சிருக்காங்கல்ல?" என்றார். குத்தலாகச் சொன்ன மாதிரி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

தலையாட்டினேன்.