ஆட்டுக்கொட்டிலில் என்னைக் குடிவைத்த வீடியோ

ஐப்பசி 12, திங்கள்

வானம் மூடிக் கிடக்கிறது. மழை இல்லை. வரம்பு வேலை பாதியில்.

இன்று நானாக வாசித்தவை: மருந்துக்கடைப் பலகை, சீமெந்துப் பையில் அரைவாசி, பஸ் பலகை. கிளிநொச்சியில் ஒருவரையும் கேட்காமல் 'வட்டக்கச்சி' என்று கூட்டி வாசித்து ஏறினேன். இந்த வயதில் முதல் தடவை.

"எங்க அப்பு போறியள்?" என்றான் கொண்டக்டர்.

"பலகையில போட்டிருக்கிற இடத்துக்கு."

பஸ்ஸே சிரித்தது.

பின்னேரம் உலருணவுப் பொதி கொடுக்கும் தம்பி கமராவோடு வந்தான். வெளிநாட்டுக்காரர் உதவியாம். வீதி முழுக்கக் கொடுத்தான். நான் கொட்டிலடியில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றேன். "ஏதாவது கதையுங்கோ ஐயா" என்றான். பஸ் கதை சொன்னேன். மகள் சுமதி வேலையால் களைத்து வந்தும் பின்னேரங்களில் எனக்கு எழுத்துப் பழக்கிய கதையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். வெட்கம்.

பொதியில் அரிசி, பருப்பு, சீனி, ரின்னில் அடைத்த மீன். பருப்பில் வண்டு.

ஐப்பசி 15, வியாழன்

தூறல். மகள் (இனி ம. என்றே எழுதுகிறேன், கை நோகிறது) சங்கக்கடையால் வந்து பையைத் தொப்பென்று போட்டாள். அங்கே ஒருத்தி எல்லோருக்கும் கேட்கக் கேட்டாளாம்: "ஏனடி சுமதி, உன்ர அப்பரை ஆட்டோடயோ கட்டி வைச்சிருக்கிறாய்?"

போனை நீட்டினாள். என் முகம்! முதலில் சந்தோஷம்தான். பிறகு கீழே எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 'பெற்ற மகளே கைவிட்ட தந்தை.' அடுத்து ஆட்டுக்கொட்டில். 'இதுவே இவர் வீடு.' பின்னால் புல்லாங்குழல். என் குரல் எங்கும் இல்லை.

"என்னப்பா சொன்னனீங்கள் அவங்களுக்கு?"

"நல்லாத்தான் சொன்னனான்."

"அப்ப ஏன் அழுதனீங்கள்?"

அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குசினிக்குள் போய்விட்டாள். இன்று பாடம் இல்லை.

ஐப்பசி 16, வெள்ளி

ம. சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். போனை விட்டுப் போயிருந்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சத்தத்தை நிறுத்தினேன். நான் சிரிக்கிறேன். பல்லில்லாத வாய் நன்றாகத் தெரிகிறது. சத்தத்தைக் கூட்டினேன். புல்லாங்குழல் வந்தது. அதே சிரிப்பு விம்மலாயிற்று.

பெருவிரலால் எழுத்தை மூடினேன். ஆட்டுக்கொட்டில் ஆட்டுக்கொட்டிலாக நின்றது. விரலை எடுத்தேன். என் வீடாயிற்று. பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டைக் காணவில்லை. வெள்ளைச் சேட்டு ஊத்தையாகத் தெரிகிறது.

முகம் பொய்யில்லை. கண்ணீர் பொய்யில்லை. கொட்டிலும் பொய்யில்லை. சேர்த்துக் கட்டியதுதான் பொய்.

பொதியில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, சோகமாய் இருந்தாத்தான் சனம் பாக்கும். நல்லாப் போகுது. உங்கட நன்மைக்குத்தானே?"

சீ. அவன் தந்த சீனி போட்ட தேத்தண்ணியை வெளியில் ஊற்றினேன்.

ஐப்பசி 18, ஞாயிறு

மழை. ம. இன்னும் பேசவில்லை. கோயிலுக்கும் போகவில்லை, சனம் பார்க்கும் என்று.

அந்தத் தம்பி போன் எடுத்தான். நாளைக்கு வருவானாம், இரண்டாம் வீடியோ எடுக்க. வரச் சொன்னேன்.

பொதி வந்த பெட்டியைக் கிழித்து அட்டை எடுத்தேன். மத்தியானம் முழுக்க எழுத்து. இரண்டு அட்டை பழுது. மூன்றாவது பரவாயில்லை. கரி விரலெல்லாம்.

ஐப்பசி 19, திங்கள்

வெயில். வந்தான். "கொட்டிலடிக்கு வாங்கோ ஐயா."

"இல்லைத் தம்பி. வீட்டு வாசலிலை எடு."

கமராவைத் தூக்கினான். நான் வாய் திறக்கவில்லை. அட்டையை நாடிக்குக் கீழே நெஞ்சோடு பிடித்தேன். குரலை அழிக்கலாம். இதை அழிப்பதென்றால் என்னையும் அழிக்க வேண்டும்.

"அட்டையைக் கீழ வையுங்கோ ஐயா. முகம் மட்டும் போதும்."

"முகத்தை வேணுமெண்டால் வெட்டு. அட்டையை விடு."

"இதை ஆர் பாக்கிறது?"

"அவள் பாக்கட்டும்."

ம. குசினி வாசலில் நின்றாள். கிட்ட வந்து வாசித்தாள்: 'இது என் மகள் வீடு. மகள்தான் எனக்கு எழுத்துத் தந்தவள். அதுக்குத்தான் அழுதனான்.'

தம்பி கமராவை மூடினான். புதுப் பொதியையும் தூக்கிக்கொண்டு போனான்.

ம. அட்டையை வாங்கிக்கொண்டு வாசல் படலைக்குப் போனாள். எழுத்து வீதியைப் பார்க்கப் பிடித்தாள்.

"ஆணி இருக்கோ அப்பா?"

சுத்தியலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.