கடைசிப் பத்து நிமிடம் இல்லாத படம்

அண்ணா,

உன் ஹெட்போன் பஞ்சில் இன்னும் உன் தலையெண்ணெய் வாசம் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். நாம் திரும்பத் திரும்பப் பார்த்த அந்தப் படத்தின் சத்தம் கேட்டாலே அம்மா அழுகிறாள். அதனால் வீட்டில் யாரும் அதைப் போடுவதில்லை. அம்மா விழித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், இன்று முழுப் படமும் என்னிடம் இருக்கிறது.

நம்மிடம் இருந்தது குறைப் படம். சென்னையிலிருந்து கப்பலில் வரும்போது பக்கத்துப் படுக்கை ஆளிடமிருந்து பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாய். அது முடிவதற்குள் போர்ட் பிளேர் வந்துவிட்டது, பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டாய். கடத்தல் கும்பலுக்குள் ஒளிந்திருக்கும் போலீஸ்காரன் லாரியில் ஏறுவதோடு நம் படம் நின்றுவிடும். தப்பித்துவிட்டான் என்றே நம் ஊர் ரங்கத்தில் நாம் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். உன் பெங்காலி நண்பன்தான் ஒருநாள், "அரே பாய், ஹீரோ தோ மர் ஜாதா ஹை" என்று ஹீரோ செத்துப்போவதைப் போட்டு உடைத்தான். சாகடித்தது அவன்தான் என்பதுபோல நீ அவனோடு பேசாமல் இருந்தாய்.

அதன் பிறகுதான் அந்தப் படத்தை ஒழுங்காகவே பார்த்தோம். கும்பலோடு சிரித்துச் சாப்பிடும்போது மேசைக்கு அடியில் அவன் விரல்களை இறுக்கிக்கொள்வதை நீ காட்டினாய். தலைவனின் சின்ன மகள் 'மாமா' என்று கூப்பிட்டால் ஒரு நொடி தாமதித்தே திரும்புவான் என்பதை நான் கண்டுபிடித்தேன்.

"தெரிஞ்ச கததானடா, எதுக்குத் திரும்பத் திரும்ப?" என்பாள் அம்மா.

"இந்தத் தடவ பொழச்சிருவான்னு தோணுதும்மா" என்பாய் நீ.

"ஆமா, இவன் மூஞ்சியப் பாத்து கதைய மாத்துவாங்க" என்பேன் நான்.

உன்னைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன காலையையும் அப்படித்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பரீட்சை என்று என்னை விட்டுவிட்டுப் போனீர்கள். "சும்மா ஜுரம்டி. பாராடாங் தீவுல வண்டிய போட்ல ஏத்துறதுக்குள்ள சரியாயிடும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை மட்டும்தான் அன்று பார்த்தேன். செருப்பு மாட்டச் சுவரைப் பிடித்தது, பையைத் தூக்க அப்பாவைக் கூப்பிட்டது, வண்டியில் ஏறியபின் முகத்தைத் திருப்பாமலே கையசைத்தது எல்லாம் இப்போதுதான் தெரிகிறது. அப்புறம் உன்னை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அதனால்தான் அந்தப் பத்து நிமிடத்துக்கு இவ்வளவு பயந்தேன். இப்போது பார்த்துவிட்டேன். லாரி போய்க்கொண்டுதான் இருக்கிறது, அண்ணா. தப்பித்திருக்கலாம். தீப்பிடித்த கிடங்கில் அந்தச் சின்னப் பெண் இருக்கிறாள் என்று குதித்துத் திரும்பி ஓடுகிறான். ஜன்னல் வழியாக அவளை வெளியே இறக்கிவிட்டு, சும்மா விளையாட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று சிரிக்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள்.

நானும் அன்று சிரித்துக்கொண்டேதான் பரீட்சைக்குப் போனேன். நன்றாகவும் எழுதினேன். உன் சிரிப்பு பொய் என்று இப்போது தெரியும். தெரிந்தும், எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.