எஞ்சின் மூடிக்கு அடித்த பச்சைப் பெயின்ட்

ஏனுங்க, என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

காரை விற்றாயிற்று. பெருந்துறைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப்போவார். எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்கள் கண்ணை மூடிய இந்த எட்டு மாதமாக நம் வீட்டு ஷெட்டில் அது சும்மா நின்றது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகனிடம் கேட்டேன். "வித்துப்போடுங்கம்மா" என்றான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் பச்சைப் பெயின்டால் வியாபாரமே கெட்டுப்போகப் பார்த்தது.

ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி, நான் குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் அண்டாவில் சோடா உப்புப் போட்டு வேகவைத்தீர்கள். பிசுக்குப் போனதும் உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு பிரைமர் பூசி, கிணற்று மோட்டாருக்கு அடித்து மீந்த பச்சையை அடித்தீர்கள். மொட்டை மாடியில் என் வடகத்துக்குப் பக்கத்திலேயே காயவைத்தீர்கள்.

"பானெட்டுக்குள்ள இருக்கறத ஆருங்க பாக்கப் போறாங்க?" என்று கத்தினேன்.

"தொறந்தா நமக்குத் தெரியுமில்ல அம்மணி" என்றீர்கள்.

அடுத்த வாரம் கொடுமுடி கோயிலுக்குக் கிளம்பினோம்; எஞ்சின் சூடேறி, போய்ச் சேரும்வரை பெயின்ட் நாற்றம். சாமி கும்பிடும்போதுகூட எனக்குத் தலை சுற்றியது.

கார் பார்க்க வந்தவர் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிவந்திருந்தார். பானெட்டைத் திறந்ததும் மெக்கானிக் சிரித்தார். "மூடிக்கு மட்டும் பெயின்ட்டுங்க. விரிசல மறைச்சுப்போட்டாங்க போல."

எனக்குச் சுரீரென்றது. "எங்கூட்டுக்காரர் ஆரையும் ஏமாத்துனவரில்லீங்க" என்றேன். உங்கள் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து நீட்டினேன். "நீங்களே சொரண்டிப் பாருங்க."

சுரண்டினார். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இரண்டு மாதம் நெஞ்சு வலித்ததை என்னிடம் மூச்சுவிடாமல், "வெயிலுக்கு வேர்க்குது கண்ணு" என்று மழுப்பிய மனிதர்தானே நீங்கள்? ஒரு விரிசலை மறைத்திருக்க மாட்டீர்களா? மெக்கானிக்கைவிட நான்தான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

சிவப்பும் போயிற்று. கீழே இரும்பு மாசுமறுவில்லாமல் இருந்தது.

"தப்பா நெனச்சுப்போட்டேனுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார் மெக்கானிக். அவர் என்னிடம் கேட்டுவிட்டார். நான் யாரிடம் போய்க் கேட்பது? அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் நெஞ்சுவலியை மட்டும் ஏனுங்க சொல்லவில்லை?

மூடியில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு வெறும் இரும்பு தெரிகிறது. டப்பா அடியில் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் செய்த மாதிரியே தேய்த்து, சிவப்பு பூசி, காயவிட்டு, பச்சையும் அடித்துவிடுகிறேன். கார் அப்படித்தான் இந்த வாசலைத் தாண்டும்.

ஒரு நிமிஷம் உங்களைச் சந்தேகப்பட்ட
உங்கள் சம்சாரம்,
சரசு