பெரட்டு மணியும் என் வாயும்

கையில் துரு வாசனை. இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அடித்தால், இந்த வாசனை இருட்டும்வரை கையைவிட்டுப் போகாது. உனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் அதை முதலில் அடித்தவன் நீதானே.

நீ செத்துப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன்னிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கவில்லை. இனியும் கேட்பதாக இல்லை.

நம் தோட்டத்திலிருந்து முதன்முதலில் கேம்பஸ் போனவன் நீ. வேலைநிறுத்தம் என்று கேம்பஸை மூடியதும் வந்தவன், மூன்று நாள் லயத்து வரிசை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் என்னைத் தேயிலைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாய்: "திரும்பிப் போவல மச்சான். பாடம் பூரா இங்கிலிசு, ஒண்ணும் வெளங்கல. தோட்டம்னு சொல்ல வெக்கப்பட்டு, கண்டி டவுனுன்னு சொல்லி வச்சிருக்கேன். கொழும்புல கடையில நிக்கப் போறேன். யாருகிட்டயும் சொல்லிறாத."

ரகசியத்தைக் காக்க நீ பிடித்த ஆளைப் பார்!

கடைக்காரர் கூப்பிடும்வரை பொழுது போகட்டும் என்றுதான் ஞாயிறுதோறும் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தாய். நான் கூட வந்தது உன் அம்மா கொடுத்துவிடும் ரொட்டிக்கு. முதல் ஞாயிறு ஒரு பிள்ளையும் வரவில்லை. கோபத்தில் நீ அந்தத் தண்டவாளத்தை ஓங்கி அடித்தாய். காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி அது என்பதை மறந்தே போனாய். லயம் லயமாகப் பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். கங்காணி ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு வந்தார்.

"எவன்டா அடிச்சது? ஞாயித்துக்கெழமையும் பெரட்டா?"

அடித்த கம்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாய். ஆனாலும் சொன்னாய்: "பெரட்டுதாங்க. பெரியவங்களுக்கு இல்ல, புள்ளைகளுக்கு."

"அப்ப பேரு போடுவீங்களா தம்பி?" என்று ஒருத்தி கேட்டாள். தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க உழைத்தால் சம்பளக் கணக்கில் முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர்.

"வந்த புள்ளைக்கெல்லாம் முழுப்பேருங்க!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் கங்காணியும் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் முப்பது பிள்ளைகள். உன் குரல் மாறியதைப் பார்த்தவன் நான். கேம்பஸில் வாய் திறக்காதவன், இங்கே வாய்ப்பாடு சொன்னால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கும் கேட்டது.

பிறகு ஒரு ஞாயிறு, மூக்கு ஒழுகிய ஒரு சின்னப் பிள்ளை எழுந்து நின்றது. "அண்ணே, நீங்க கடையில நிக்கப் போறீங்களாமே. அப்ப நாங்க எதுக்கு இங்க குந்திக்கிட்டு? நாங்களும் நேரா கடைக்கே வந்துர்றோம்."

"யாரு சொன்னா?"

முப்பது விரல்கள் என் பக்கம் நீண்டன. என் வாயில் ரொட்டி.

பீலிக்கரைவரை துரத்தி வந்து முதுகில் நாலு வைத்தாய். "ஒன் வாயி பெரட்டு மணிடா!" என்றாய். அப்புறம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளைக்கு என்னடா பதில் சொல்றது?" என்று கேட்டாய். கையில் மிஞ்சியிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து உன்னிடம் நீட்டினேன்.

கேம்பஸ் திறந்த அன்றே நீ போனாய். போன உடனே எல்லாருக்கும் முன்னால் தோட்டத்தின் பெயரைச் சொன்னாயாம். பட்டம் வாங்கியபின் கொழும்பில் வேலை கொடுத்தார்கள். நீ நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். நோயில் படுக்கும்வரை ஒரு ஞாயிறு தவறவில்லை. உன் பிள்ளைகளில் ஒருத்தி இன்று ஆஸ்பத்திரியில் தாதி. ஒருத்தன் பேங்கில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்னைக் கண்டால் மட்டும் அத்தனை பேர் முன்னாலும் "ரொட்டி மாமா!" என்று கத்துகிறான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு மூன்று தடவை உட்கார்ந்த எனக்கு உன்னால் கிடைத்த பட்டம் அதுதான். உன் சிநேகிதன் என்று சொல்லும்போது என் தொப்பைகூட நிமிர்ந்து நிற்கிறது.

இப்போது லீவில் வந்து பாடம் சொல்கிறவள் மேல் லயத்துப் பிள்ளை, கண்டி கேம்பஸில் இரண்டாம் வருடம். போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, நான் திரும்பிப் போகல. கொழும்புல கார்மென்ட் பேக்டரியில சேரப் போறேன். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

இன்றைக்கு மணி அடித்து, அவள் வருவதற்குள் நாற்பது பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன்.

அவள் வந்ததும், "அக்கா, நீங்க கார்மென்டுக்குப் போறீங்களாமே, அப்ப நாங்க எதுக்கு?" என்று கேட்டார்கள். நாற்பது விரல்கள் நீண்டன. அவள் என்னை முறைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி வாய்ப்பாட்டை எழுத ஆரம்பித்தாள்.  பாடம் முடிந்து போகும்போதுதான், முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"மாமா, கண்டி பஸ்ஸு காலையில எத்தன மணிக்கு?"

எனக்கு இன்றைக்கு முழுப்பேர் போடு, மச்சான்.